எண்ணுக்கு மேற்பட்ட பல்: குழந்தையின் வாயும் நம் சொற்களும்



மொழிக்கான சொற்பொழிவு வரிசையில் பல்லைப் பற்றிப் பேசலாமா என்று அழைப்பிதழைக் கண்ட அன்பர்கள் சிலர் வியந்தனர். நாம் பல் மருத்துவர் அல்லோம். பணிக்காலம் முழுவதையும் ஒலியியலிலும் சொல்லாய்விலும் செலவிட்டு ஓய்வு பெற்றோம். ஆயினும் ஒலியியல் கற்றவர்க்குப் பல் அயற்பொருள் அன்று. தொல்காப்பியத்தின் பிறப்பியல், எழுத்தொலி உருவாவதற்குத் துணைநிற்பனவாகத் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகிய எட்டனைக் குறிப்பிடுகிறது. அவற்றுள் ஏழு, பிறந்த நாள் தொட்டே நம்மிடம் இருப்பவை. பல் ஒன்றுதான் பிறகு வருகிறது, வந்தது விழுகிறது, விழுந்த இடத்தில் மறுபடியும் வருகிறது. குழந்தை மொழியைக் கற்கும் அதே ஆண்டுகளில்தான் இந்த வரவும் செலவும் நடக்கின்றன.

அந்த வரவில் சில குழந்தைகளுக்குக் கணக்குத் தப்பிவிடுகிறது. இருக்க வேண்டிய பற்களுக்கு மேல் ஒன்றோ இரண்டோ தோன்றிவிடுகின்றன. அவற்றை எவ்வாறு கண்டறிகின்றனர், எவ்வாறு மருத்துவம் செய்கின்றனர், இதில் தமிழாசிரியர்க்கு என்ன வேலை என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் பெயர். இப்பல்லுக்கு மருத்துவ நூல்களில் வழங்கும் பெயர் 'சூப்பர்நியூமரரி'. இலத்தீன் வழிவந்த அச்சொல்லுக்கு 'எண்ணுக்கு மேற்பட்டது' என்பது பொருள். பெயருக்குள்ளேயே எண் இருக்கிறது. நம் மக்கள் வழக்கில் இருக்கும் பெயர்களைப் பாருங்கள்: தெற்றுப்பல், எத்துப்பல், சிங்கப்பல். ஒன்றோடொன்று பின்னி நிற்பது, முன்னால் தள்ளி நிற்பது, சிங்கத்தின் பல்லைப் போல மேலேறி நிற்பது என, இவை யாவும் பல்லின் தோற்றத்தையோ நிற்கும் இடத்தையோ சுட்டுகின்றன. எண்ணிக்கையைச் சுட்டும் பெயர் நம் வழக்கில் இல்லை.

இதனால் என்ன குறை என்று கேட்கலாம். 'பிள்ளைக்குத் தெத்துப்பல்' என்று ஒரு தாய் சொன்னால், அது மூன்று வெவ்வேறு நிலைகளைக் குறிக்கக்கூடும். தாடையில் இடம் போதாமல் இயல்பான பல்லொன்று வரிசை தப்பி முளைத்திருக்கலாம். கோரைப்பல் தனக்குரிய இடத்திற்கு இறங்கி வராமல் உயரத்திலேயே நின்றுவிட்டிருக்கலாம். உண்மையிலேயே ஒரு பல் கூடுதலாக இருக்கலாம். முதல் இரண்டிலும் பற்களின் எண்ணிக்கை சரி, இடம்தான் தவறு. மூன்றாவதில் எண்ணிக்கையே தவறு. முன்னவற்றுக்கு இடம் தேடித் தர வேண்டும். பின்னதற்குப் பெரும்பாலும் அந்தப் பல்லையே அகற்ற வேண்டும். மூன்றுக்கும் ஒரே பெயர் இருப்பதால், 'அத்தைக்கும் இப்படித்தான் இருந்தது, பிறகு சரியாகிவிட்டது' என்று வீட்டுப் பெரியவர் சொல்லும்போது, அத்தைக்கு இருந்தது இம்மூன்றில் எது என்று எவரும் கேட்பதில்லை.

தெற்றுதல் என்னும் வினைக்குப் பின்னுதல் என்பதோடு இடறுதல் என்ற பொருளும் உண்டு. பேச்சு வழக்கில் தெத்துப்பல் இருப்பது போலவே தெத்துவாய் என்ற சொல்லும் இருக்கிறது. பேச்சு இடறுகிற வாய். பல் கோணினாலும் பேச்சு கோணினாலும் ஒரே அடிச்சொல்லால் சுட்டிய மக்கள், இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாகக் கருதியிருக்க வேண்டும். அத்தொடர்பு எவ்வளவு உண்மை என்பதைப் பிறகு பார்ப்போம்.

எழுத்துத் தமிழில் மிகைப்பல், உபரிப்பல், கூடுதல் பல் என்று பலவாறு எழுதுகின்றனர். மிகைப்பல் செறிவான கலைச்சொல்; கட்டுரைக்கும் பாடநூலுக்கும் பொருந்தும். ஆனால் மிகை என்பதற்குக் குற்றம் என்ற பழம்பொருளும் உண்டு. உபரி என்றால் தேவைக்குப் போக எஞ்சியது என்ற எண்ணம் வருகிறது. எட்டு வயதுப் பிள்ளையிடமும் அதன் தாயிடமும் பேசும்போது 'கூடுதல் பல்' என்பதே நல்லது என்பது நம் கருத்து. அதைக் கேட்ட மாத்திரத்தில் 'எத்தனைக்குக் கூடுதல்?' என்ற கேள்வி எழும். அந்தக் கேள்வியில்தான் நோயறிதல் தொடங்குகிறது. (பல் என்பது 'பல' என்னும் பொருளிலும் வரும் சொல்லாயிற்றே என்று மாணவர் சிலர் புன்னகைப்பது தெரிகிறது. பல்பொருள், பன்மை முதலியவற்றில் வருவது அதுவே. இரண்டையும் முடிச்சுப் போடும் ஆசையைச் சொல்லாய்வு செய்வோர் அடக்கிக்கொள்ள வேண்டும். ஓசை ஒத்திருப்பது உறவுக்குச் சான்றாகாது.)

சரி, எத்தனை இருக்க வேண்டும்? 'முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தான்' என்ற மரபுத்தொடர் வழியாகப் பெரியவர்க்குரிய கணக்கு எல்லார்க்கும் தெரியும். குழந்தையின் கணக்கு எந்த மரபுத்தொடரிலும் ஏறவில்லை. பால்பற்கள் 20, மேலே 10, கீழே 10. ஏறத்தாழ 6 வயதில் பால்பற்களுக்குப் பின்னால் நான்கு நிரந்தரக் கடைவாய்ப்பற்கள் முளைக்கின்றன. அதுமுதல் 12 வயது வரை பால்பல்லும் நிரந்தரப் பல்லும் கலந்து நிற்கும் காலம். விழுந்த இடமும் முளைத்த இடமுமாக இருப்பதால் மொத்தத்தை எண்ணி எதையும் முடிவு செய்ய முடியாது. ஆனால் ஓரிடத்தை மட்டும் எண்ணலாம். மேல்வரிசையில் இரு கோரைப்பற்களுக்கு இடையில் நான்கு வெட்டுப்பற்கள் இருக்க வேண்டும். நடுவில் இரண்டு, அவற்றுக்கு அருகில் பக்கத்திற்கு ஒன்று. அங்கே ஐந்து இருந்தால் ஒன்று கூடுதல். எண்ணத் தெரிந்த எவரும் இதைக் கண்டுபிடிக்கலாம்.

கூடுதல் பற்கள் அதிகமாகத் தோன்றுவதும் மேல்தாடையின் முன்பகுதியில்தான். நிரந்தரப் பற்களின் வரிசையில் நூறு பேரில் ஒருவர் முதல் மூவர் வரை இவை காணப்படுவதாக ஆய்வுகள் கூறுகின்றன. பால்பற்களில் இது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடம் ஏறக்குறைய இரு மடங்கு. முந்நூறு பிள்ளைகள் பயிலும் தமிழ்ப்பள்ளி ஒன்றில் சிலருக்கேனும் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

ஏன் தோன்றுகின்றன? கரு வளரும் காலத்திலேயே தாடைக்குள் பல்லரும்புகளை உண்டாக்கும் மெல்லிய திசுப் பட்டை ஒன்று உருவாகிறது. அது தேவைக்கு மேல் இயங்கி ஓர் அரும்பைக் கூடுதலாக விட்டுவிடுகிறது என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். ஓர் அரும்பே இரண்டாகப் பிளக்கிறது என்பாரும் உளர். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு மிகுதி. உதடு பிளவுபட்டுப் பிறந்த குழந்தைகளிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. ஒரே குழந்தைக்குப் பல கூடுதல் பற்கள் இருந்தால், காறை எலும்பையும் மண்டையோட்டையும் பாதிக்கும் அரிய மரபுக் கோளாறு உண்டா என்றும் மருத்துவர் பார்ப்பர். இனிப்புத் தின்றதாலோ விரல் சூப்பியதாலோ கூடுதல் பல் முளைப்பதில்லை. தாயைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

இங்கே இன்னொரு நம்பிக்கையையும் விலக்கிவிடுவோம். சில குழந்தைகள் பல்லோடு பிறக்கின்றன. அது கூடுதல் பல் என்றும், தாய்மாமனுக்கு ஆகாது என்றும் சில குடும்பங்களில் பதறுகின்றனர். அவ்வாறு பிறக்கும்போதே இருக்கும் பல் பெரும்பாலும் முன்னதாக வந்துவிட்ட பால்பல்தான், இருபதில் ஒன்று. அதை அவசரப்பட்டுப் பிடுங்கிவிட்டால் பால்பல் வரிசையில் அந்த இடம் வெற்றிடமாகவே இருக்கும். மிகவும் ஆடிக்கொண்டிருந்தாலோ பாலூட்டத் தடையானாலோ அகற்றலாம்; அது மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டியது. மாமன் பயப்பட வேண்டியதில்லை.

வடிவத்தைக் கொண்டு கூடுதல் பற்களை வகைப்படுத்துவர். கூம்பு வடிவப் பல் சிறியது, ஆணிபோல் கூர்மையானது. இரு நடுப்பற்களுக்கு இடையில் அல்லது சற்றுப் பின்னால் நிற்கும். இவ்வாறு நடுவில் நிற்பதற்கு 'மீசியோடென்ஸ்' என்று தனிப்பெயரே உண்டு. முற்பாதி கிரேக்கம், பிற்பாதி இலத்தீன். தனித்தமிழ் அன்பர்கள் ஆறுதல் கொள்ளலாம், கலப்பு நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. சில சமயம் கூம்புப் பல் தலைகீழாகத் திரும்பி மூக்கை நோக்கி வளர்வதும் உண்டு. இன்னொன்று பீப்பாய் வடிவப் பல். பருத்தது, மேலே பல முகடுகள் கொண்டது. நடுப்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தின் பக்கம், பெரும்பாலும் இணையாக, எலும்புக்குள் கிடக்கும். வெளியே வருவது அரிது. மூன்றாவது வகை, பக்கத்துப் பல்லை அச்சாக ஒத்திருப்பது. பக்க வெட்டுப்பல்லுக்கு அருகில் அதே போல் இன்னொன்று நிற்கும். எது முறையான பல், எது கூடுதல் என்று மருத்துவராலேயே சொல்ல முடியாது. அப்போது வரிசையில் நன்றாகப் பொருந்தி நிற்பதை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுகின்றனர். இரு வழக்குகளில் எது மூலம், எது திரிபு என்று புலவர் வழக்காடும் இடங்களிலும் இந்த முறையைக் கையாண்டால் காலம் மிச்சமாகும்.

பால்பல் காலத்தில் தோன்றும் கூடுதல் பல் பெரும்பாலும் இம்மூன்றாவது வகை. ஒழுங்காக முளைத்துவிடும், வரிசையும் அழகாகவே இருக்கும். எனவே எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் அது முன்னறிவிப்பு. பால்பல்லில் கூடுதல் இருந்த குழந்தைகளில் பத்தில் மூவர் முதல் ஐவர் வரை நிரந்தரப் பல்லிலும் கூடுதல் இருப்பது காணப்பட்டிருக்கிறது.

வெளியே முளைத்த கூடுதல் பல் தன்னைத் தானே காட்டிக் கொடுத்துவிடும். இடர் தருவது எலும்புக்குள் புதைந்து கிடப்பதுதான். வலி இல்லை, வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை. குழந்தைக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. அது செய்வதெல்லாம் நிரந்தர நடுப்பல்லின் வழியை மறித்துக்கொண்டு கிடப்பதே. பால்பல் விழாமலே நிற்கும். அல்லது விழுந்த இடம் வெறுமையாகவே இருக்கும். வழியடைத்துக் கிடப்பதைத் தவிர, பக்கத்துப் பற்களை விலக்கித் தள்ளலாம், திருகிவிடலாம், தன்னைச் சுற்றி நீர்க்கட்டி உண்டாக்கலாம். பக்கத்துப் பல்லின் வேரைக் கரைப்பதும் உண்டு, அது அரிது.

ஆக, புதைந்திருப்பதற்கு அடையாளம் ஒரு பல் வராமையே. இல்லாததைக் கவனிப்பது இருப்பதைக் கவனிப்பதைவிடக் கடினம். அதற்கு ஒரு கால அட்டவணை வேண்டும். கீழ் நடுப்பற்கள் 6 முதல் 7 வயதில். மேல் நடுப்பற்கள் 7 முதல் 8 வயதில். மேல் பக்க வெட்டுப்பற்கள் 8 முதல் 9 வயதில். பிள்ளைக்குப் பிள்ளை முன்பின் ஆகும். ஆதலால் வயதைவிட நம்பத் தக்கவை இரண்டு அடையாளங்கள். ஒரு பக்கத்து நடுப்பல் முளைத்து ஆறு மாதங்களுக்கு மேலாகியும் அதன் இணை மறுபக்கத்தில் வரவில்லை என்பது ஒன்று. நடுப்பல் வராமலிருக்க அதற்குப் பின்னர் வர வேண்டிய பக்க வெட்டுப்பல் முந்தி வந்துவிட்டது என்பது இன்னொன்று. இவற்றில் ஒன்று தென்பட்டாலும் காத்திருப்பதில் பயனில்லை. ஊடுகதிர்ப் படம், அதாவது எக்ஸ்ரே, எடுத்துப் பார்க்க வேண்டும்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிள்ளைகள் ஏழு வயதையொட்டித் தொடக்கப்பள்ளியின் முதலாண்டில் சேர்கின்றனர். மேல் நடுப்பற்கள் மாறும் காலம் முழுவதும், நாள்தோறும் பல மணி நேரம், அந்த முகத்தை நேருக்கு நேர் பார்ப்பவர் வகுப்பாசிரியர். பள்ளிக்கு வரும் பல் மருத்துவக் குழுவினர் பிள்ளையைச் சில நிமிடங்களே காண்கின்றனர். ஆறு மாதக் கணக்கை வைத்துக்கொள்ளக் கூடியவர் நீங்கள்தான்.

சில ஆண்டுகளுக்கு முன், பிள்ளைகளின் ஒலிப்பைப் பதிவு செய்வதற்காக நாம் தமிழ்ப்பள்ளி ஒன்றுக்குச் சென்றிருந்தோம். மூன்றாம் ஆண்டில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன். வாசிப்பில் பின்தங்கியவன் என்று குறைநீக்கல் வகுப்பில் சேர்க்கப்பட்டிருந்தான். சொற்பட்டியலைக் கொடுத்தோம். ல, ள, ழ மூன்றையும் பிரித்துச் சொன்னான். வகுப்பில் பலரால் முடியாதது. தகரமும் பெரும்பாலும் சரி. 'சட்டை', 'சேவல்' போன்ற சொற்களில் சகரம் மட்டும் காற்றொழுகியது. அதைவிட நம் கவனத்தை ஈர்த்தது, வாய்விட்டு வாசிக்கும் போதெல்லாம் இடக்கையால் உதட்டை மறைத்துக்கொண்டது. ஒலிவாங்கி மேசைமேல் இருந்ததால் கையை எடுக்கச் சொன்னோம். மேல்வரிசையில் இடப்பக்கம் முழுதாய் வளர்ந்த நிரந்தர நடுப்பல். வலப்பக்கம் அரைகுறையாய்த் தேய்ந்த பால்பல். இடப்பக்கத்துப் பல் முளைத்து இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன என்று தாயார் சொன்னார். ஒரு மருந்தகத்தில் முன்பே காட்டியிருக்கின்றனர். 'பொறுத்துப் பார்ப்போம்' என்றார்களாம். படம் எடுக்கவில்லை.

பிறகு எடுத்த படத்தில் வலப்பக்க நடுப்பல்லுக்குப் பின்னால் பீப்பாய் வடிவக் கூடுதல் பல் ஒன்று தெரிந்தது. அதையும் பால்பல்லையும் அகற்றினர். பதினான்கு மாதங்களில் நிரந்தரப் பல் தானே இறங்கி வந்தது. சகரம் சரியானதா என்றால், ஆனது. ஆனால் அவனுடைய வாசிப்பு முன்னேறியது பல் வருவதற்கும் முன்பே. தன் வாயில் என்ன நடக்கிறது என்பதை அவனுக்கு ஒருவர் படத்தைக் காட்டி விளக்கிவிட்டார். கை முகத்திலிருந்து இறங்கிவிட்டது.

'பொறுத்துப் பார்ப்போம்' என்ற தொடரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மருத்துவத்தில் அது மதிப்புக்குரிய முடிவு. கூடுதல் பல் எங்கே இருக்கிறது, எந்தப் பல்லையும் மறிக்கவில்லை, நீர்க்கட்டி இல்லை என்று படத்தில் உறுதி செய்து, மறுபடி எப்போது படம் எடுப்பது என்று நாள் குறித்தபின் பொறுத்துப் பார்ப்பது வேறு. படமே எடுக்காமல் பொறுத்துப் பார்ப்பது வேறு. முன்னதில் பார்ப்பது இருக்கிறது. பின்னதில் பொறுப்பது மட்டும்தான் இருக்கிறது. பெற்றோர்க்கு இரண்டும் ஒரே தொடராகக் காதில் விழுகின்றன. 'எதைப் பார்த்தீர்கள், மறுபடி எப்போது பார்ப்பீர்கள்' என்று கேட்க அவர்களுக்குச் சொல்லித்தருவது நம் கடமை.

படம் எடுப்பதிலும் நுட்பம் உண்டு. தாடை முழுவதையும் ஒரே நீளப் படமாகக் காட்டும் முறை ஒன்று பரவலாக இருக்கிறது. எல்லாப் பற்களையும் எண்ணுவதற்கு அது ஏற்றது. ஆனால் சரியாக நடு முன்பகுதியில்தான் அதன் தெளிவு குறைவு. முதுகெலும்பின் நிழலும் அங்கே விழும். கூடுதல் பல் ஒளிந்திருப்பதும் அங்கேதான். அதனால் முன்பகுதிக்குத் தனியாகச் சிறு படம் ஒன்றும் எடுப்பர். இருக்கிறது என்று தெரிந்தபின் அடுத்த கேள்வி, நடுப்பல்லுக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்பது. தட்டையான படத்தில் முன்பின் தெரியாது. இதற்கு ஓர் எளிய வழி வைத்திருக்கின்றனர். கதிர்க்குழாயைச் சற்று நகர்த்தி இரண்டாம் படம் எடுக்கின்றனர். இப்போது இந்த அவையில் எல்லாரும் இரண்டு ஆட்காட்டி விரல்களையும் முகத்துக்கு நேரே, ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்துங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு தலையை மெல்ல வலப்பக்கம் நகர்த்துங்கள். பின்னால் உள்ள விரல், முன்விரலை விட்டு விலகி உங்களோடு வலப்பக்கம் வருவதுபோல் தோன்றும். அதே விதிதான். குழாய் நகர்ந்த திசையிலேயே கூடுதல் பல்லும் நகர்ந்திருந்தால், அது அண்ணத்தின் பக்கம் இருக்கிறது. எதிர்த் திசையில் என்றால் உதட்டின் பக்கம். சிக்கலான நிலைகளில் முப்பரிமாணப் படமும் எடுப்பதுண்டு. குழந்தைகளுக்குக் கதிரின் அளவைக் குறைவாக வைத்திருக்க வேண்டுமாதலால் எல்லார்க்கும் அதைச் செய்வதில்லை.

ஒன்று சேர்ந்த பற்களைப் பற்றியும் ஒரு சொல். சில குழந்தைகளுக்கு முன்பல் ஒன்று வழக்கத்தைவிட அகலமாக, நடுவில் பள்ளம் விழுந்து இருக்கும். இரண்டு அரும்புகள் சேர்ந்தனவா, ஓர் அரும்பு பிளக்கத் தொடங்கி நின்றதா? அதை ஒரே பல்லாக எண்ணிப் பாருங்கள். வரிசையில் ஒன்று குறைந்தால் இரண்டு இயல்பான பற்கள் சேர்ந்திருக்கின்றன. குறையவில்லையென்றால் ஒன்று பிளந்திருக்கிறது, அல்லது ஒரு கூடுதல் பல்லோடு சேர்ந்திருக்கிறது. சந்தி பிரித்துப் பழகியவர்க்கு இது எளிது.

மருத்துவத்திற்கு வருவோம். வெளியே முளைத்த கூம்புப் பல்லை மரப்பூசி போட்டு எளிதில் எடுத்துவிடலாம். எலும்புக்குள் ஆழமாகக் கிடப்பதற்கு ஈற்றைத் திறந்து செய்யும் சிறிய அறுவை மருத்துவம் தேவை. குழந்தையாதலின் முழு மயக்கத்தில் செய்து அன்றே வீட்டுக்கு அனுப்புவதும் உண்டு. எதையும் மறிக்காமல், ஆழத்தில் ஒதுங்கிக் கிடப்பதை எடுக்காமலே விட்டுவிட்டுக் காலந்தோறும் கவனிக்கலாம்.

எப்போது எடுப்பது என்பதில்தான் மருத்துவர்க்குள் கருத்து வேறுபாடு உள்ளது. மிகச் சிறு வயதில் எடுத்தால் பக்கத்தில் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் வேருக்கு ஊறு நேரலாம், பிள்ளையும் ஒத்துழைக்காது. ஆகவே நடுப்பல்லின் வேர் நிறைவடையும் 8 முதல் 10 வயது வரை பொறுக்கலாம் என்பர் ஒரு சாரார். மறு சாரார் சொல்வது: பல் தானே முளைத்து வரும் உந்துதல் வேர் முதிர முதிரக் குறைகிறது, காத்திருக்கும் காலத்தில் பக்கத்துப் பற்கள் காலியிடத்திற்குள் சாய்ந்துவிடுகின்றன, நடுக்கோடும் விலகிவிடுகிறது, எனவே மறிக்கிறது என்று தெரிந்தவுடன் எடுத்துவிடுக. எந்தப் பல், எவ்வளவு ஆழம், வேர் எவ்வளவு வளர்ந்துள்ளது என்பதைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். ஆனால் இரு சாராரும் ஒப்புக்கொள்வது ஒன்றுண்டு. இந்த வழக்கையெல்லாம் நடத்துவதற்குக் கூடுதல் பல் இருப்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். பன்னிரண்டு வயதில் தெரிய வந்தால் வழக்காட ஒன்றுமில்லை. காலம் தீர்ப்புச் சொல்லிவிட்டிருக்கும்.

தடையை நீக்கியபின், போதிய இடமிருந்தால், பெரும்பாலான பற்கள் தாமே இறங்கி வருகின்றன. அதற்குச் சில மாதங்கள் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் வரை ஆகலாம். இடம் குறுகிவிட்டிருந்தால் பற்கம்பி பொருத்தி முதலில் இடத்தை மீட்பர். அப்படியும் வராத பல்லுக்கு ஈற்றைத் திறந்து, பல்லில் சிறு சங்கிலியை ஒட்டி, கம்பியோடு இணைத்து மெல்ல மெல்ல இழுத்துக் கொண்டு வருவர். பால்பல்லை மட்டும் பிடுங்கிவிட்டால் போதும் என்று சிலர் வீட்டிலேயே நூல் கட்டி இழுக்கின்றனர். உள்ளே தடை இருக்கும்போது வாசலை மட்டும் திறந்து என்ன பயன்? இருந்த இடமும் குறுகும்.

இனி, தெத்துவாய். பல்லுக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பைப் பிறப்பியல் தெளிவாகவே வகுத்திருக்கிறது. தகரமும் நகரமும் மேற்பல்லின் அடியில் நாநுனி பரந்து படிவதால் பிறப்பவை. வகரத்திற்குப் பல்லும் இதழும் கூட வேண்டும். றகர னகரங்களும் ரகர ழகரங்களும் அண்ணத்தைச் சார்ந்தவை. டகர ணகரங்களுக்கு நாநுனி அண்ணத்தில் பொருந்துகிறது. இந்தப் பகுப்பை வகுப்பறையில் ஒரு சல்லடையாகவே பயன்படுத்தலாம். ஒரு பிள்ளை ல, ள, ழ மயங்கிச் சொன்னால், அல்லது ர, ற வேறுபாடு காட்டாவிட்டால், முன்பல்லைக் குறை சொல்ல வேண்டாம். அது பயிற்சியின் குறையோ வீட்டு வழக்கோ ஆகும். தகரத்தை ஆங்கிலத்தின் 'டி' போலப் பல்லைத் தொடாமல் ஒலித்தால், அது பெரும்பாலும் பிறமொழிப் பழக்கம். சகரத்தைப் பல்லிடையே காற்று ஒழுகச் சொல்லி, தகரத்திற்கு நாநுனியை வெளியே நீட்டி, ஆங்கிலச் சொல்லிலும் மலாய்ச் சொல்லிலும் அதே ஒலிகளில் அதே இடறல் இருந்தால் மட்டும், பாடநூலை மூடிவிட்டு வாயைப் பாருங்கள். மொழிக்கு மொழி மாறாத பிழை, மொழியில் பிறந்த பிழையாக இருப்பது அரிது.

அங்கும் மிகைப்படுத்தல் வேண்டா. ஏழு வயதில் முன்பல் விழுந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் சகரம் சில மாதங்கள் ஒழுகத்தான் செய்யும். நா மிகவும் சமயோசிதமான உறுப்பு. பற்களுக்கு இடையே சிறு கட்டையை வைத்துப் பேசச் செய்த சோதனைகளிலேகூட, உயிரொலிகளை மக்கள் உடனுக்குடன் ஈடுகட்டிச் சொல்லிவிட்டனர். கூடுதல் பல் உள்ள பிள்ளைகளிலும் பலர் குறையின்றிப் பேசுகின்றனர். ஒலி சரியாக இருக்கிறது என்பதால் பல் சரியாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடக் கூடாது. ஒலி ஒழுகுகிறது என்பதால் கூடுதல் பல் இருக்கிறது என்று அஞ்சவும் வேண்டியதில்லை. பல் இருக்கும்வரை ஒலிப்புப் பயிற்சி வீண் என்றும் நாம் சொல்லவில்லை. ஆனால் நாநுனி தொட வேண்டிய இடம் அங்கே இல்லாதபோது, அந்த ஒலிக்காகப் பிள்ளையை முப்பது பேர் முன்னிலையில் எழுப்பி மறுபடி மறுபடி வாசிக்கச் சொல்வது பயிற்சி ஆகாது.

கடைசியாக, மருந்தகத்துக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள மொழி. பல் மருந்தகத்தில் பேச்சு பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ நடக்கிறது. வீட்டுக்கு வந்து பாட்டிக்கு அதைத் தமிழில் சொல்பவர் பல வேளைகளில் அந்தப் பிள்ளையோ அதன் அக்காவோதான். மலாய் மொழி இதில் நமக்கு நெருக்கமானது. பால்பல்லை அவர்களும் 'கிகி சூசூ', பால்பல் என்றே சொல்கின்றனர். கடைசியில் முளைக்கும் கடைவாய்ப்பல்லை நாம் ஞானப்பல் என்போம்; அவர்கள் 'கிகி போங்சு', கடைக்குட்டிப் பல் என்பர். நம்மதைவிட அது நயமாகவும் உண்மையாகவும் இருக்கிறது என்பது நம் எண்ணம். இத்தகைய சொற்களை மும்மொழியிலும் இணைத்து ஒரு தாளில் அச்சிட்டு வகுப்புச் சுவரில் ஒட்டுவது பயிற்சி ஆசிரியர்கள் ஓரிரு நாளில் முடிக்கக்கூடிய வேலை. பால்பல், நிரந்தரப் பல், வெட்டுப்பல், கோரைப்பல், கடைவாய்ப்பல், கூடுதல் பல், ஈறு, தாடை, எக்ஸ்ரே, மரப்பூசி: பத்துச் சொற்கள் போதும்.

பெற்றோர்க்கு எழுதும் குறிப்பும் அவ்வாறே எளிமையாக இருக்கட்டும். நோயின் பெயரை நாம் எழுத வேண்டியதில்லை. அது மருத்துவரின் உரிமை. கண்டதையும் நாளையும் எழுதினால் போதும். 'வணக்கம் அம்மா. உங்கள் மகளுக்கு மேல்வரிசையில் இடப்பக்க முன்பல் முளைத்து ஏழு மாதங்கள் ஆகின்றன. வலப்பக்கத்தில் பால்பல் இன்னும் விழவில்லை. பல் மருந்தகத்தில் காட்டி, எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டாம். தேவையென்றால் நானும் உடன் வருகிறேன்.'